டூம் ஆட்டத்தைச் சோதித்துக் கற்கும் முறை: ஒரு மாசி வீதி வீட்டின் துணையோடு

1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூம் என்னும் துப்பாக்கிச் சுடும் கணினி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதன் புதுமைகளைப் பட்டியலாக ஒப்பித்துவிடுவது வழக்கம்: ஏறி இறங்கும் தளங்கள், இடத்துக்கு இடம் கூடிக் குறையும் வெளிச்சம், நான்கு கணினிகளை இணைத்து நால்வர் மோதும் டெத்மாட்ச், ஆட்டக்காரர்களே புதிய நிலைகளை (லெவல்களை) கட்டிச் சேர்க்கும் வசதி. மதுரை கோரிப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் நடத்தும் சிறிய வகுப்பில் இந்தப் பட்டியலைச் சொல்லி முடித்தபோது, கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர், “இதெல்லாம் இப்ப எல்லா கேம்லயும் இருக்கே சார், இதுல என்ன புதுசு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டூமின் புதுமை ஒவ்வொன்றும் ஒரு விதியாக அந்த ஆட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. விதியைக் கையால் சோதித்துப் பார்க்காதவருக்கு அது வெறும் செய்தியாகவே நின்றுவிடும். அன்று முதல் நாங்கள் வகுப்பில் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்: ஒரே ஆட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு ஆடிப் பார்ப்பது, பிறகு அறிந்துகொண்ட விதிகளை வைத்து நமக்குப் பழகிய வீடொன்றை அந்த ஆட்டத்துக்குள் கட்டுவது.

தேவையானவை

பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மடிக்கணினி போதும். 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டதால், இன்றைய கணினிகளில் அதை ஓட்டும் நிரல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சாக்லேட் டூம், கிறிஸ்பி டூம் ஆகிய இரண்டை நிறுவிக்கொள்ளுங்கள். சாக்லேட் டூம் பழைய ஆட்டத்தின் நடத்தையை, அதன் குறைகள் உட்பட, அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. கிறிஸ்பி டூம் அதே அடித்தளத்தில் நின்று, பெரிய நிலைகளைத் தாங்கும் வகையில் பழைய வரம்புகளைத் தளர்த்துகிறது. நிமிர்ந்து பார்க்கவும் குதிக்கவும் அனுமதிக்கும் நவீன நிரல்கள் அழகானவை என்றாலும், விதியைச் சோதிக்க வந்தவருக்கு அவை உதவமாட்டா.

ஆட்டத்தின் தரவு தனிக் கோப்பில், வாட் என்ற பெயரில் இருக்கும். நிரல் வேறு, தரவு வேறு என்று இப்படிப் பிரித்து வைத்ததே, பிறர் நிலைகளைக் கட்டிச் சேர்ப்பதற்கான கதவைத் திறந்துவிட்டது. முதல் அத்தியாயத்தின் ஒன்பது நிலைகள் கொண்ட ஷேர்வேர் கோப்பு தொடக்கத்திலிருந்தே இலவசமாகப் பரப்பப்பட்டது. சோதனைகளுக்கு அது போதுமானது. ஆனால் அந்த ஷேர்வேர் கோப்போடு நாம் கட்டிய நிலையைச் சேர்த்து ஓட்ட ஆட்டம் மறுத்துவிடும். ஆகவே வீடு கட்டும் பகுதிக்கு ஃப்ரீடூம் என்ற இலவசத் தரவுத் தொகுப்பையும் இறக்கி வைத்துக்கொண்டு, அதைக் கிறிஸ்பி டூமில் ஓட்டுங்கள்.

இவை தவிர ஒரு ஹெட்போன் கட்டாயம் வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் நான் முதன்முதலாக டூம் ஆடிய கணினிப் பயிற்சி மையத்தின் இயந்திரங்களில் சவுண்ட் கார்டு கிடையாது. அரக்கர்களுக்குக் காது கேட்கும் என்ற உண்மை, அதனால், எனக்குப் பல ஆண்டுகள் தெரியாமலே போயிற்று.

முதலில் வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆட்டத்தைப் பத்து நிமிடம் ஆடிவிடுங்கள். அதே நிறுவனம் 1992 மே 5 அன்று வெளியிட்டது அது. 64க்கு 64 கட்டங்கள் கொண்ட சதுரத் தாளில் வரையப்பட்ட வீடுகள். சுவர்கள் யாவும் ஒரே உயரம், செங்கோணத்தில் மட்டுமே திரும்பும். தரையும் கூரையும் தட்டையான ஒற்றை நிறம். எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சம். டூமைத் திறக்கும்போது இந்தப் பத்து நிமிடம் நினைவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட முழுதாக இல்லை என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.

முதல் சோதனை: ஓட்டம்

முதல் அத்தியாயத்தின் முதல் நிலையான ஹேங்கரை, ஐந்து கடினப் படிகளில் நான்காவதான அல்ட்ரா வயலன்ஸில் தொடங்குங்கள். பச்சை நச்சு நீரின் மேல் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை உள்ள அறைக்கு வந்து, இம்ப் என்னும் பழுப்பு நிற அரக்கனின் கண்ணில் பட்டு, அது தீப்பந்தை எறியும்வரை காத்திருங்கள். பந்து புறப்பட்டதும் ஓடும் விசையை அழுத்தியபடி நேராக விலகி ஓடினால், அந்தப் பந்து உங்களைப் பிடிக்காது. அடுத்த முறை ஓடும் விசையை விட்டுவிட்டு நடந்து பாருங்கள். பந்து மெல்ல நெருங்கி முதுகில் விழும்.

காரணம் எளிய கணக்கு. டூம் ஒரு நொடியை 35 துடிப்புகளாகப் பிரித்து இயங்குகிறது. இம்பின் தீப்பந்து ஒரு துடிப்புக்கு 10 அலகு தூரம் செல்லும்; ஓடும் ஆட்டக்காரர் ஏறக்குறைய 16.7 அலகும், நடப்பவர் 8.3 அலகும் செல்வார்கள். எதிரியின் ஆயுதத்தைவிட ஆட்டக்காரரை வேகமாக்கி, அவருக்கு நடையையும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் பந்தின் வேகத்தை வைத்தது எவ்வளவு நுட்பமான முடிவு என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் உணர முடியும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கிச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். அவர்கள் சுட்ட கணத்திலேயே குண்டு இலக்கைச் சேர்ந்துவிடும். விலகி ஓடித் தப்பிக்க வழியில்லை, சுவருக்குப் பின்னால் ஒதுங்கத்தான் வேண்டும். விலகக்கூடிய தாக்குதல், ஒதுங்க வேண்டிய தாக்குதல் என்ற இந்த இரண்டையும் ஓர் அறைக்குள் எந்த அளவில் கலப்பது என்பதே பின்னாளில் இவ்வகை ஆட்டங்களை உருவாக்கியவர்களின் சமையல் கணக்காயிற்று.

இன்னொன்றையும் சோதியுங்கள். முன்னே ஓடும் விசையையும் பக்கவாட்டில் நகரும் விசையையும் ஒன்றாக அழுத்தினால் வேகம் ஏறக்குறைய 28 விழுக்காடு கூடும். முன்பக்க ஓட்டத்துக்கு 50, பக்கவாட்டு ஓட்டத்துக்கு 40 என்று இரண்டு உந்து அளவுகளைத் தனித்தனியே வைத்து, அவற்றின் கூட்டுக்கு எல்லை வைக்காமல் விட்டதால் வந்த விளைவு இது. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கில் கர்ணம் 64 என்று வரும். வேகப் போட்டியாளர்கள் இன்றுவரை இதை நம்பித்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாம் சோதனை: உயரமும் வெளிச்சமும்

ஹேங்கர் நிலையின் சன்னல் வழியே வெளியே பார்த்தால், திறந்த வெளியின் நடுவே நீலக் கவசம் ஒன்று தெரியும். அங்கே போக நேர்வழி கிடையாது. மறைவான பாதையொன்றைக் கண்டுபிடித்தால்தான் அதை எடுக்க முடியும். மாசி வீதியில் நடப்பவருக்குக் கட்டடங்களுக்கு மேலே கோபுரம் கண்ணில் படும், ஆனால் ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் உள்ளே சேர முடியும் அல்லவா? அடைய வேண்டியதை முதலில் காட்டிவிட்டு வழியைப் பிறகு தேடவைக்கும் இந்த ஏற்பாடு வுல்ஃபென்ஸ்டைனில் இயலாத காரியம், ஏனெனில் அங்கே எல்லாச் சுவரும் தரையிலிருந்து கூரைவரை அடைத்துக்கொண்டு நிற்கும்.

டூமில் நிலம் செக்டர் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தரை உயரம், கூரை உயரம், 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவு என்று தனித்தனி எண்கள் உண்டு. சன்னலும் படிக்கட்டும் மின்தூக்கியும் இந்த எண்களின் வேறுபாடுதான். இரண்டாம் நிலையில், கணினிப் பெட்டிகள் நிரம்பிய இருட்டு வளைவுகளுக்குள் விளக்கு மினுங்கும் பகுதிக்குப் போய், அங்கே நின்றபடி ஒரு கேள்வி கேளுங்கள்: நான் அரக்கனைக் காண முடியாத இருட்டில் அரக்கன் என்னைக் காண்பானா? காண்பான். அரக்கர்களின் பார்வைக் கணக்கில் வெளிச்சத்துக்கு இடமே இல்லை. இடையில் சுவர் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். டூமின் இருட்டு முழுக்க முழுக்க ஆட்டக்காரரை அச்சுறுத்துவதற்காகப் போடப்பட்ட ஒருதலையான விதி.

மூன்றாம் சோதனை: ஒலி

என் மதிப்பில் டூமின் மிக அழகான விதி இதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஹேங்கரை மறுபடி தொடங்கி, சுடும் விசையைத் தொடாமலே நடந்து செல்லுங்கள். முதுகு காட்டி நிற்கும் சிப்பாய்க்குப் பின்னால், மிக நெருங்கிவிடாமல், எவ்வளவு நேரம் நின்றாலும் அவர் திரும்பமாட்டார். விழிக்காத அரக்கனுக்கு முன்பக்கப் பார்வை மட்டுமே உண்டு. பிறகு நிலையை மீண்டும் தொடங்கி, நின்ற இடத்திலேயே ஒரு குண்டு சுட்டுவிட்டு, ஹெட்போனில் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் இன்னும் போகாத அறைகளிலிருந்து உறுமல்கள் எழும். மூன்றாம் முறை, 1 என்ற விசையை அழுத்திக் கைமுட்டியைத் தேர்ந்தெடுத்து, காற்றில் ஒரு குத்து விடுங்கள். நம் காதுக்கு ஓசையே இல்லாத அந்தக் குத்துக்கும் அவர்கள் விழித்துக்கொள்வார்கள், ஏனெனில் எந்த ஆயுதத்தை இயக்கினாலும் ஒலி எழுந்ததாகவே ஆட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அந்த ஒலி தூரத்தால் தேய்வதில்லை. வாய்க்காலைத் திறந்துவிட்டால் தண்ணீர் மடை மடையாகப் பாய்வதுபோல, அது செக்டரிலிருந்து அடுத்த செக்டருக்குப் பாய்கிறது. மூடிய கதவு அதை நிறுத்திவிடும். இது தவிர, நிலையைக் கட்டுபவர் விரும்பிய எல்லைக்கோட்டில் ‘ஒலித்தடை’ என்ற குறியை வைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு தடைக்கோட்டை ஒலி கடந்துவிடும். இரண்டாவது தடைக்கோட்டில்தான் நிற்கும். ஒற்றைக் கோடு முழுதாக அடைத்துவிட்டால் பக்கத்து அறைக்காரருக்குக்கூடக் கேட்காமல் போய்விடும் என்பதால், பக்கத்து அறைக்குக் கேட்கட்டும், அதற்கும் அப்பால் வேண்டாம் என்று சொல்ல இந்த ஏற்பாடு உதவுகிறது. ஒலி கேட்டாலும் இடம்விட்டு நகராமல், ஆட்டக்காரர் கண்ணில் படும்வரை பதுங்கியே நிற்கும்படி தனித்தனி அரக்கர்களுக்குக் குறி வைப்பதும் உண்டு. இந்த மூன்று விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நிலையை மெல்ல ஆடிப் பாருங்கள். எந்த அறையில் சுட்டால் எந்த அறை விழிக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டே போனால், நிலையை வடிவமைத்தவரின் மனம் வரைபடத்தில் தெரியத் தொடங்கும்.

நான்காம் சோதனை: அரக்கர் சண்டை

சிப்பாய் ஒருவரையும் இம்ப் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் வரவைத்து, சிப்பாய் நடுவில் இருக்கும்படி நீங்கள் எதிரே நில்லுங்கள். இம்ப் எறியும் பந்து சிப்பாயின் முதுகில் பட்டால், அவர் உங்களை மறந்து இம்பின் பக்கம் திரும்பிவிடுவார். இரண்டு இம்புகளை இப்படி மோதவிட முடியாது, தன் இனத்தின் பந்து தன் இனத்தைச் சுடுவதில்லை. ஆனால் சிப்பாய்களின் குண்டுக்கு அந்த விலக்கு இல்லாததால், அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். ஒரு குண்டும் செலவழிக்காமல் ஓர் அறையைக் காலி செய்ய முடியுமா என்று வகுப்பில் போட்டி வைப்பதுண்டு.

ஐந்தாம் சோதனை: பதிவு

கட்டளை வரியில் நிரலின் பெயரை அடுத்து, சிறு கோட்டோடு சேர்த்து ரெக்கார்டு என்ற சொல்லையும் ஒரு பெயரையும் தட்டச்சு செய்து ஆட்டத்தைத் தொடங்கினால், நீங்கள் ஆடுவது முழுவதும் ஒரு கோப்பில் பதிவாகும். ஒரு நிமிடம் ஆடிவிட்டு அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள்: எட்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பைட்டுகள் மட்டுமே. படம் எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் நகர்ந்தார், எவ்வளவு திரும்பினார், எந்த விசையை அழுத்தினார் என்பதற்கு 4 பைட்டுகள். நொடிக்கு 35 துடிப்புகள் வீதம் 140 பைட்டுகள். பழைய 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி ஒன்றில் ஏறக்குறைய மூன்று மணி நேர ஆட்டத்தை அடைத்துவிடலாம்.

விசை அழுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் மீண்டும் நிகழ்த்த எப்படி முடிகிறது? டூமில் உண்மையான தற்செயல் இல்லை. 256 எண்கள் கொண்ட நிலையான அட்டவணையிலிருந்து வரிசையாக எண்களை எடுத்தே அது ‘தற்செயலை’ உண்டாக்குகிறது, ஆகவே அதே உள்ளீட்டுக்கு அதே விளைவு வந்தே தீரும். நால்வர் ஆடும் வலைப்பின்னல் ஆட்டமும் இதே கொள்கையில் நடந்தது: கணினிகள் தங்களுக்குள் விசை அழுத்தங்களை மட்டும் பரிமாறிக்கொண்டு, உலகத்தைத் தாமே தனித்தனியாகக் கணக்கிட்டன. ஒரே வைஃபையில் இரண்டு மடிக்கணினிகள் இருந்தால், சாக்லேட் டூமின் அமைப்பு நிரல் வழியே டெத்மாட்ச் ஒன்றை இன்றும் ஆடிப் பார்க்கலாம்.

வீடு கட்டுதல்

நிலைகளை வரைய யுரேக்கா என்ற இலவச வரைவு நிரலைப் பயன்படுத்துகிறோம். விண்டோஸில் அல்டிமேட் டூம் பில்டரும் நன்றாக இருக்கும். புதிதாகச் சேரும் மாணவர்கள் தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலைத்தான் வரையப் புறப்படுவார்கள். நான் அனுமதிப்பதில்லை. துப்பாக்கியோடு நுழையும் இடம் அதுவன்று என்பது ஒரு காரணம். மற்றொன்று தொழில்நுட்பக் காரணம்: டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையை வைக்கவே முடியாது, ஒரு புள்ளிக்கு ஒரு தரையும் ஒரு கூரையும்தான் உண்டு. அடுக்கடுக்கான நிலைகள் கொண்ட கோபுரத்தை அங்கே எழுப்ப இயலாது. மாறாக, வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய ஒற்றைத் தள வீடு இந்த ஆட்டத்துக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தும்: தெரு, திண்ணை, ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அடுப்படி, கொல்லை. மச்சு இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

ஓர் அடிக்குப் பத்து அலகு என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஆட்டக்காரரின் உயரம் 56 அலகு என்பதால், ஐந்தரை அடி மனிதருக்குச் சற்று மேல் என்று அது சரியாகவே அமைகிறது. முதல் சிக்கல் திண்ணையிலேயே வரும். டூமின் வீரர் ஒரே எட்டில் ஏறக்கூடிய உச்ச உயரம் 24 அலகு. இரண்டரை அடித் திண்ணையை 25 என்று அளந்து வைத்தால், வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். நடுவில் 12 அலகில் ஒரு படி போடுங்கள். அடுத்தது நிலைப்படி. தலை குனிந்து நுழைய வேண்டிய ஐந்தடி வாசலை 50 அலகில் வரைந்தால், குனியவே தெரியாத அந்த வீரர் உள்ளே போகமாட்டார். வாசல் உயரம் 56க்குக் குறையக்கூடாது, 72 வைத்தால் பார்வைக்கும் நன்றாயிருக்கும். அகலத்தையும் யோசித்து வையுங்கள். ஆட்டக்காரர் 32, இம்ப் 40, பிங்கி என்று செல்லமாக அழைக்கப்படும் டீமன் 60 அலகு அகலம். 48 அலகு வாசலில் இம்ப் வரும், டீமன் வராது. அந்த ஒரு எண்ணை வைத்தே எந்த அறை பாதுகாப்பானது என்று தீர்மானிக்கலாம்.

முற்றத்தின் தரையைத் தாழ்வாரத்தைவிட 16 அலகு தாழ்த்தி, கூரைக்கு வானத்தின் படத்தைக் கொடுத்தால், மேலே திறந்த முற்றம் கிடைத்துவிடும். வெளிச்சத்தை முற்றத்துக்கு 224, தாழ்வாரத்துக்கு 176, ரேழிக்கு 128, அடுப்படிக்கு 96 என்று இறக்கிக்கொண்டே போங்கள். வெளிச்சம் 16 அலகுப் படிகளாகவே மாறும் என்பதால், இடைப்பட்ட எண்களைப் போடுவதில் பயனில்லை. கதவுக்கு, அதன் செக்டரின் கூரையைத் தரை மட்டத்துக்கு இறக்கி, கதவின் கோடுகளுக்கு 1 என்ற செயல் எண்ணைக் கொடுங்கள். கோட்டின் முகம் கதவிலிருந்து வெளியே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு அசையாது.

இனி ஒலி. ரேழியும் தாழ்வாரமும் சேரும் கோட்டில் ஒரு தடை, தாழ்வாரமும் அடுப்படியும் சேரும் கோட்டில் ஒரு தடை. முற்றத்தில் சிப்பாய் ஒருவரை நிறுத்தி, அடுப்படியில் ஓர் இம்பை வையுங்கள். நிலையைச் சேமித்து, வரைவு நிரலிலேயே நோடுகளை (நிலையைத் திரையில் வரைய ஆட்டத்துக்குத் தேவையான கணக்குத் தரவை) கட்டிக்கொண்டு, ஃப்ரீடூமோடு சேர்த்துக் கிறிஸ்பி டூமில் திறந்து, திண்ணையில் நின்றபடி ஒரு முறை சுடுங்கள். சிப்பாய் எழ வேண்டும், இம்ப் எழக்கூடாது. சிப்பாயை முடித்துவிட்டு முற்றத்தில் இறங்கிச் சுடும்போதுதான் அடுப்படியில் உறுமல் கேட்க வேண்டும்.

என்ன புதுசு என்று முதலில் கேட்ட அந்த மாணவரின் வீட்டில், திண்ணையில் சுட்ட மறுகணமே இம்ப் எழுந்துவிட்டது. இரண்டு தடைக்கோடுகளும் சரியாகவே இருந்தன. அரை மணி நேரம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, வீட்டின் பக்கவாட்டில் தெருவிலிருந்து கொல்லைவரை அவர் ஆசையாக வரைந்திருந்த ஒடுங்கிய சந்தின் மேல் விரலை வைத்து, “சத்தம் இந்தச் சந்து வழியாச் சுத்திக் கொல்லைக்கு வந்து அடுப்படிக்குள்ள போகுது சார்” என்றார். கொல்லை வாசலுக்கு ஒரு கதவு வைத்தார். கதவு மூடியிருந்தபோது இம்ப் உறங்கியது. கொல்லைப் பக்கம் போய் அதைத் திறந்து, அது மறுபடி இறங்குவதற்குள் சுட்டபோது விழித்தது.